கடலோரச் சாலையில் இருவர் மட்டும் காரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவனும் மனைவியுமாக, அல்லது காதலர்களாக, நாலைந்து நாள் கடலை ஒட்டியே காரில் போய்வர நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. எந்த நாட்டுக் கடற்கரைக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறோம். திட்டம் போடும்போது பலரும் முதலில் வரைபடத்தை விரிக்கிறார்கள். வெயில் காயும் கடலோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது சூரியன் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பதைத்தான். கீழே உள்ள பல பதில்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

150 முதல் 180 கி.மீ. போதும். உள்நாட்டு நெடுஞ்சாலையில் இது இரண்டு மணி நேர ஓட்டம் என்பதால் குறைவாகத் தோன்றும். கடலோரச் சாலையோ முனைகளைச் சுற்றி, ஊர்களுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து போகும். அங்கே சராசரி வேகம் மணிக்கு 45 கி.மீ. தாண்டுவதே கடினம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 கி.மீ. என்றால் ஓட்டம் மட்டும் 4 மணி நேரம். வழியில் ஆறு இடங்களில் நிற்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் இறங்கி, நடந்து, படமெடுத்து, திரும்ப ஏற 25 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். மொத்தம் ஏழரை மணி நேரம் ஆகிறது, இன்னும் ஒருமுறைகூடக் கடலில் இறங்கவில்லை. வழிகாட்டிச் செயலி 4 மணி நேரம் என்று காட்டுவதை நம்பி அறையைத் தொலைவில் பதிவு செய்பவர்கள், நாளின் அழகான கடைசி இரண்டு மணி நேரத்தை நிற்காமல் ஓட்டியே தொலைத்துவிடுகிறார்கள். செயலி காட்டும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்ல பழக்கம்.

ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாளாவது கார் நகராமல் இருக்கட்டும். அறை மாற்றாமல் ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கினால் துணி உலர்த்தவும் நேரம் கிடைக்கும்.

எந்தத் திசையில் போவது நல்லது?

கடல் உங்கள் பாதையின் ஓரத்தில் வரும் திசையில். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் கடல் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் வலக்கைப் பக்கம். அப்படிப் போனால் எதிரே வரும் வண்டிகள் காட்சியை மறைக்காது. அதைவிட முக்கியமாக, காட்சிமுனைகளில் நிறுத்த எதிர்ப்பாதையைக் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டியிருக்காது. வளைவுக்குப் பக்கத்தில் அப்படித் திரும்புவதுதான் இந்தச் சாலைகளில் மிக ஆபத்தான செயல்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் 1-ஆம் எண் நெடுஞ்சாலையை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டச் சொல்வது இதனால்தான். இடப்பக்கம் ஓட்டும் ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோட்டில் மெல்போர்ன் பக்கமிருந்து மேற்கே போனால் கடல் இடப்புறம் ஒட்டி வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேற்கே போகும் சாலையில் மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அப்படிப்பட்ட பகுதியைக் காலையில் ஓட்டி முடித்துவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், முன்னால் உள்ள கடலும் பாறையும் ஒளி பட்டுத் தெளிவாகத் தெரியும். கிழக்கே போகும் சாலைக்கு இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். உங்களில் ஒருவருக்கு உயரம் கண்டால் தலைசுற்றும் என்றால், செங்குத்துப் பாறைப் பகுதிகளை மட்டும் எதிர்த்திசையில், மலையை ஒட்டிய பாதையில் ஓட்டும்படி வழியை அமைக்கலாம்.

நாளை எப்படிப் பிரிப்பது?

விடிந்ததும் கிளம்புங்கள். காலையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வீசும். முற்பகலில் தொடங்கும் இந்தக் கடற்காற்று பிற்பகலில் வலுக்கும். ஆகவே படகுப் பயணம், முகமூடி அணிந்து நீருக்கடியில் பார்ப்பது, துடுப்புப் படகு எல்லாவற்றையும் காலைக்கு வையுங்கள். பிற்பகலுக்குப் பதிவு செய்தால் அதே இடத்தில் அலையும் கலங்கலும்தான் கிடைக்கும்.

உச்சிக்கு முன்னும் பின்னும் சேர்த்து நாலு மணி நேரம் நிழலில் இருக்க வேண்டிய நேரம். சாப்பாடு, அருங்காட்சியகம், தூக்கம், ஏசி போட்ட ஓட்டம் எல்லாம் அப்போது. மாலை நாலு மணிக்கு மேல் மறுபடி கரை.

சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கையாலேயே அளக்கலாம். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 டிகிரி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. வெப்பமண்டல நாடுகளில் தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரம் என்றால் சுமார் 40 நிமிடம். வடக்கிலோ தெற்கிலோ வெகுதூரம் போனால் சூரியன் சாய்ந்து இறங்குவதால் ஒரு மணி நேரம்வரை ஆகும். சூரியனை நேராகப் பார்க்காமல், விளிம்பை மறைத்தபடி அளவிடுங்கள்.

கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழும், மேற்குக் கரையில் கடலில் விழும். அஸ்தமனம் பார்க்கவென்று கிழக்குக் கரையில் அறை எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கண் கூசுகிறது. எந்தக் கறுப்புக் கண்ணாடி வாங்கலாம்?

போலரைஸ்டு கண்ணாடி. நீர்ப்பரப்பிலும் ஈரச் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியின் பெரும்பகுதி கிடைமட்டமாக அதிர்வது. இந்தக் கண்ணாடி அதைத்தான் வடிகட்டுகிறது. கறுமை அளவு 0 முதல் 4 வரை எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். பகலில் ஓட்ட 3 சரி. 4 என்றிருப்பது பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் உரியது, அதை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. சில கைபேசித் திரைகளும் டாஷ்போர்டுத் திரைகளும் போலரைஸ்டு கண்ணாடி வழியே குறிப்பிட்ட கோணத்தில் இருண்டு தெரியும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மாற்றியும் கூச்சம் போகவில்லை என்றால் முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள். டாஷ்போர்டு பிளாஸ்டிக் சூடேறி வெளிவிடும் ஆவி அங்கே மெல்லிய படலமாகப் படிகிறது. வெளிப்புறம் பளிச்சென்று இருந்தும் எதிர்வெயிலில் எல்லாம் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான்.

காருக்குள் இருந்தாலும் வெயில் சுடுமா?

சுடும். முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. புற ஊதாக் கதிர்களை அது கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பல கார்களில் அப்படியில்லை, தோலைக் கறுக்கவைக்கும் புற ஊதா-ஏ கதிரின் ஒரு பகுதி உள்ளே வரும். அதனால்தான் ஜன்னல் பக்கக் கை மட்டும் கறுக்கிறது. முழுக்கைப் பருத்திச் சட்டை எளிய தீர்வு.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எல்லோரும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) எண்ணைப் பார்க்கிறார்கள், பூசும் அளவைப் பார்ப்பதில்லை. தோலைச் சுடும் புற ஊதா-பி கதிரில் எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதமும், 50 சுமார் 98 சதவீதமும் தடுக்கும்; வித்தியாசம் சிறியது. ஆனால் இந்த எண்கள் ஒரு சதுர செ.மீ. தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடிமனாகப் பூசி அளக்கப்பட்டவை. நீச்சலுடையில் இருக்கும் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 முதல் 35 மி.லி. வேண்டும். இருவர் ஒரு நாளில் இரண்டு தடவை பூசினாலே 100 மி.லி. குழாய் தீர்ந்துவிடும். ஒரு குழாயை ஐந்து நாள் ஓட்டுபவர்கள் எஸ்பிஎஃப் 50 பூசவில்லை, அதில் ஒரு சிறு பங்கைப் பூசுகிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து வந்து துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும். முதுகுக்கு ஒருவருக்கொருவர் பூசிக்கொள்ளுங்கள். காதுமடலும் பாதத்தின் மேற்புறமும் மறந்துபோகும் இடங்கள்.

பவளப்பாறைகள் உள்ள கரைக்குப் போகிறீர்கள் என்றால் டப்பாவின் பின்னால் படியுங்கள். பவளத்துக்குத் தீங்கு எனக் கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. பலாவு நாட்டில் 2020 முதல் இதுபோன்ற தடை உள்ளது. கதிர் தடுக்கத் துத்தநாக ஆக்ஸைடு மட்டும் கலந்தது இந்தத் தடைகளில் சிக்காது.

காரில் என்னென்ன பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்?

டயர் காற்றை வண்டி நிழலில் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்கு நிரப்புங்கள். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி கூடும்போதெல்லாம் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். ஓடிச் சூடான டயர் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. வழியில் அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குறைகாற்றில் நிற்கும். குறைகாற்று டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும். வெயில் சாலையில் டயர் வெடிக்க இது பெரிய காரணம். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள். சில புதிய கார்களில் ஸ்டெப்னியே இல்லை, ஒட்டும் திரவமும் சிறு பம்பும்தான் இருக்கும். அது பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அதன் தொட்டியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். வைப்பர் ரப்பர் வெயிலில் விறைத்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். கண்ணாடி கழுவும் நீர்த் தொட்டியை நிரப்பி, கூடவே ஒரு லிட்டர் நல்ல நீர் வைத்துக்கொள்ளுங்கள். உப்புச்சாரல் படிந்த கண்ணாடியில் நீர் தெளிக்காமல் வைப்பரைப் போட்டால் கோடு விழும்.

ஏசி போட்டும் கார் குளிரவே இல்லையே?

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே இருப்பது வெளிக்காற்றைவிடச் சூடான காற்று; அதை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பிறகு உள்காற்றே சுற்றும்படி வையுங்கள். நீண்ட ஓட்டத்தில் அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றை விடுங்கள், இல்லையென்றால் தூக்கம் சொக்கும்.

என்ஜின் சூட்டு முள் மேலே ஏறினால்?

பெரும்பாலும் நீண்ட ஏற்றத்தில், ஏசி முழு வேகத்தில் ஓடும்போது நடக்கும். முதலில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு விசிறியிலும் போடுங்கள். ஹீட்டர் என்பது உண்மையில் இன்னொரு சின்ன ரேடியேட்டர். என்ஜின் சூட்டை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாதுகாப்பான இடம்வரை மெதுவாகப் போய் நிறுத்தி அணையுங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்த இடத்திலேயே ஓரங்கட்ட வேண்டியதுதான். அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் மூடி கழன்றதும் முகத்துக்குப் பாயும். ஆறிய பிறகு கூலன்டோ, இல்லாவிட்டால் நல்ல நீரோ ஊற்றலாம். கடல்நீர் ஒருபோதும் வேண்டாம்.

நிறுத்திய காரில் எதை விடக் கூடாது?

வெளியே 32 டிகிரி என்றால் மூடிய கார் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தொடும். கண்ணாடியை ஓரங்குலம் இறக்கி வைப்பது பெரிய மாற்றம் தராது. குழந்தையையும் நாயையும் ஒரு நிமிடத்துக்கும் விடக் கூடாது. பவர் பேங்க், சிகரெட் லைட்டர், டியோடரண்ட் போன்ற அழுத்தக் குப்பிகள், மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி எல்லாம் கூடவே வரட்டும்.

பைகளை வேறு இடத்திலேயே டிக்கிக்கு மாற்றிவிட்டு வாருங்கள். கடற்கரை நிறுத்துமிடத்தில் வந்து டிக்கியைத் திறந்து பையை வைத்துவிட்டுப் போவது, திருடனுக்கு இடத்தைக் காட்டிக்கொடுப்பது போல.

கார்ச் சாவியோடு கடலில் இறங்கலாமா?

பட்டன் உள்ள சாவி உப்புநீரில் நனைந்தால் அதோடு முடிந்தது. ஒருவர் கரையில் இருப்பதுதான் நல்ல வழி. இருவரும் இறங்கியே ஆக வேண்டும் என்றால், பல சாவிகளுக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை மட்டும் உருவி எடுத்து இடுப்புப் பையில் வையுங்கள், மின்சாவியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அறையிலேயே விட முடியுமா என்று பாருங்கள். உலோகச் சாவி கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. அதனால் அறை நடைதூரத்தில் இருந்தால் மட்டுமே இது சரிப்படும்.

கார் மணலில் புதைந்துவிட்டது. என்ன செய்வது?

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் ஒருமுறை வெறுமனே சுழன்றாலே குழி ஆழமாகும்; வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் பிறகு இழுவை வண்டிதான் வர வேண்டும்.

பக்கத்தில் இருப்பவர் இறங்கட்டும், எடை குறையும். வந்த தடம் ஏற்கெனவே அமுங்கி இறுகியிருப்பதால் பின்னால் போவதே எளிது. ஓட்டும் சக்கரங்களுக்குப் பின்னால் மணலைச் சரிவாக வாருங்கள், செங்குத்தான விளிம்பு இருக்கக் கூடாது. வயிற்றுக்கு அடியில் மணல் முட்டினால் அதையும் தோண்டி எடுங்கள். நாலு டயர்களிலும் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் தட்டையாகி நீளவாக்கில் அதிகப் பரப்பில் பதியும், எடை பரவும். பலரும் தயங்கும் படி இதுதான், வேலை செய்வதும் இதுதான். கால்மிதிகளைத் தலைகீழாக, சொரசொரப்பு டயர் பக்கம் இருக்கும்படி சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள்.

ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். சக்கரம் வழுக்கும்போது என்ஜின் சக்தியைக் குறைக்கும் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, மிக மெதுவாகக் கிளப்புங்கள். நகர ஆரம்பித்தால் கெட்டி நிலம் வரும்வரை நிறுத்தாதீர்கள். தள்ளுபவர் வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்காமல் ஓரமாக நிற்கட்டும், மிதி பறந்துவரும். வெளியே வந்ததும் காற்றை நிரப்பும்வரை மணிக்கு 30 கி.மீ. தாண்ட வேண்டாம், திருப்பத்தை வெட்டி ஒடிக்கவும் வேண்டாம். டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

இதற்குத் தேவையானவை ஒரு சிறு மண்வாரி, காற்றழுத்த அளவி, 12 வோல்ட் பம்பு. காரின் இழுவைக் கொக்கி பெரும்பாலும் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கழற்றி வைக்கப்பட்டிருக்கும்; எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தேடி வையுங்கள்.

கடல் ஏற்றவற்றத்தை நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

காலையில் நடந்துபோன குகைக்கு மதியம் வழி இருக்காது என்பதால். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்றைய நேரத்தைவிட இன்று சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகமாகவும் வற்றம் ஆழமாகவும் இருக்கும்.

நீர் சீராக ஏறுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்கும் 1, 2, 3, 3, 2, 1 பங்கு என ஏறும். வித்தியாசம் 3 மீட்டர் உள்ள கரையில் முதல் மணியில் 25 செ.மீ.தான் ஏறும், அவசரமே இல்லை என்று தோன்றும். மூன்றாம் மணியில் 75 செ.மீ. ஏறிவிடும். பாறை முனையைச் சுற்றிப் போனவர்கள் மாட்டிக்கொள்வது இந்த நேரத்தில். வற்றம் உச்சத்தைத் தொடும் முன்பே போய்விட்டு, நீர் திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள்.

பிரான்சில் நுவார்முத்தியே தீவுக்குப் போகும் பசாஜ் து குவா என்ற 4 கி.மீ. சாலை நாளுக்கு இருமுறை முழுதாகக் கடலுக்குள் போய்விடும். வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பும் ஒன்றரை மணி பின்பும்தான் கடக்கலாம். இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுச் சாலையும் இப்படித்தான். இரண்டிலும் நேர அட்டவணை எழுதி வைத்திருக்கிறார்கள், நடுவே ஏறி உயிர் தப்பக் கூண்டுகளும் உண்டு, அப்படியும் கார்கள் மூழ்குகின்றன.

நீந்தும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இறங்கும் முன் ஐந்து நிமிடம் உயரமான இடத்தில் நின்று பாருங்கள். இருபுறமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் இருண்டு அமைதியாகத் தெரிந்தால், அல்லது அதன் வழியே நுரையும் மணலும் கடலை நோக்கி நகர்ந்தால், அது உள்ளிழுக்கும் நீரோட்டம். குளிக்க வசதியான இடம் போலத் தோன்றுவதுதான் அதன் ஆபத்து.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். அது உங்களைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடத்துக்குப் போய் அலையோடு திரும்புங்கள்.

இருவராகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: ஒருவர் இழுத்துச் செல்லப்பட்டால் மற்றவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவர் மூழ்குவது அடிக்கடி நடக்கிறது. ஐஸ்பெட்டி, மூடிய காலி நீர்க்கேன், மிதவை என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள், உயிர்க்காப்பாளரை அழையுங்கள், கண்ணை அவரிடமிருந்து எடுக்காதீர்கள். சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டுக்கு நடுவே உயிர்க்காப்பாளர் பார்வை உண்டு. ஒற்றைச் சிவப்புக் கொடி என்றால் பெரும் ஆபத்து, பல நாடுகளில் அதுவே இறங்கத் தடை; இரட்டைச் சிவப்பு என்றால் நீர் மூடப்பட்டிருக்கிறது.

ஒருவரே ஓட்டலாமா, மாற்றி மாற்றி ஓட்ட வேண்டுமா?

மாற்றி ஓட்டுங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை, 15 நிமிட இடைவெளியோடு. ஓட்டுபவரால் கடலைப் பார்க்க முடியாது. வளைவில் ஓட்டிக்கொண்டே பார்ப்பவர் விபத்தில் முடிப்பார். ஒருவருக்குத்தான் ஓட்டத் தெரியும் என்றால், காட்சிமுனைகளின் எண்ணிக்கையை அவர் தீர்மானிக்கட்டும்.

கண் சொக்கினால் பாட்டைச் சத்தமாக வைப்பது உதவாது. காபி குடித்து உடனே 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆவதால் எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும்.

வளைவுகளில் குமட்டல் வருகிறது.

முன்னிருக்கையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். காது அசைவதாகச் சொல்ல, கண் அசையவில்லை என்று சொல்லும் முரண்தான் குமட்டல். ஓட்டுபவருக்கு இது அரிதாகவே வரும், ஆகவே குமட்டல் வருபவரையே ஓட்டவிடலாம். மாத்திரை போட்டால் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். பல மாத்திரைகள் தூக்கம் தருபவை, போட்டவர் அன்று ஓட்டக் கூடாது.

பயணத்தில் சண்டை வருவதைத் தவிர்க்க முடியுமா?

பெரும்பாலான சண்டைகள் மூன்று நேரங்களில் வருகின்றன: வழி தவறும்போது, பசிக்கும்போது, அன்றைய அறை எங்கே என்று தெரியாதபோது. மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்யலாம். வழி சொல்வது பக்கத்தில் இருப்பவர் பொறுப்பு என்றால், ஓட்டுபவர் அதில் தலையிடுவதில்லை. திருப்பம் தவறினால் அடுத்த பாதுகாப்பான இடம்வரை போய்த் திரும்புவது, அவ்வளவுதான். கை எட்டும் தூரத்தில் தின்பண்டம் இருக்கட்டும். மாலை நாலு மணிக்குள் இரவுத் தங்கல் முடிவாகியிருக்க வேண்டும்.

ஒரு நாளுக்கு ஆளுக்கு ஓர் இடம் தேர்வு செய்யுங்கள், மற்றவர் காரணம் கேட்கக் கூடாது. இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் மூன்றாம் நாள் இதன் அருமை தெரியும். செலவுக்குப் பொதுப் பணப்பை ஒன்று வைத்து, இருவரும் சமமாகப் போட்டுவிட்டால் ஒவ்வொரு கடையிலும் கணக்குப் பேச்சு வராது.

வாடகைக் காரில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டாவது ஓட்டுநரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாமல் அவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு கிடைக்காது. ஓரிடத்தில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு, முதலிலேயே கேளுங்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்கு வெளியே இருக்கும். கடற்கரை மணலில் ஓட்டுவதைப் பெரும்பாலும் முழுதாகவே விலக்கியிருப்பார்கள். எடுக்கும்போதும் விடும்போதும் காரைச் சுற்றி ஒரு காணொளி எடுங்கள், எரிபொருள் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் தெரிய வேண்டும்.

வெளிநாட்டில் ஓட்ட என்ன ஆவணம் வேண்டும்?

உங்கள் உரிமத்தை வழங்கிய நாட்டிலேயே, கிளம்பும் முன், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது ஓராண்டு செல்லும். 1968 வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டு. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பாருங்கள். ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். மூல உரிமம் கையில் இல்லாமல் அனுமதிச் சீட்டு மட்டும் செல்லாது.

பழகாத பக்கத்தில் ஓட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்த நாட்டுக் காரில் ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பார். ஓரம் உங்கள் தோளுக்குப் பக்கத்தில் வந்தால் தவறான பாதையில் இருக்கிறீர்கள். தானியங்கி கியர் கார் எடுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் காலையில் காலிச் சாலையில் முதல் திருப்பத்தில்தான்.

குடிநீரும் உணவும் எவ்வளவு?

காரில் எப்போதும் 6 முதல் 8 லிட்டர் நீர் இருக்கட்டும். ஐஸ்பெட்டிக்குத் துண்டு ஐஸைவிடக் கட்டி ஐஸ் நெடுநேரம் நிற்கும். பாட்டிலில் நீரை உறைய வைத்துப் போட்டால் உருகியதும் குடிக்கலாம். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரம் தாங்கும், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

தலைவலி, தளர்ச்சி, அதிக வியர்வை என்றால் நிழலுக்குப் போய், ஒரு லிட்டர் நல்ல நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து மெதுவாகக் குடிக்கலாம். பேச்சு குழறி, மனம் தடுமாறி, உடல் நெருப்பாகச் சுட்டால் அது வெப்பத்தாக்கு. உடனே அவசர ஊர்தியை அழைத்து, ஈரத்துணியும் விசிறலும் கொண்டு உடலைக் குளிர வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சாலை மூடியிருந்தால்?

கடலோரச் சாலைகள் மலைச்சரிவால் அடிக்கடி அறுபடும். கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் 2017 மே மாதச் சரிவு நெடுஞ்சாலையைப் புதைத்தது. மறுபடி திறந்தது 2018 ஜூலையில். அங்கெல்லாம் நடுவில் வேறு குறுக்குவழி அரிது, வந்த வழியே பல மணி நேரம் திரும்ப வேண்டியிருக்கும். முந்தின இரவும் காலையும் சாலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள். முனைகளுக்குப் பின்னால் சிக்னல் கிடைக்காது. கைபேசியை முன்கண்ணாடியில் ஒட்டினால் வெயிலில் சூடாகி அணைந்துபோகும், ஏசி துவாரத்தில் மாட்டுங்கள்.

இரவில் ஓட்டலாமா?

வேண்டாம். பார்க்க வந்த கடல் இருட்டில் தெரியாது, சாலையில் விலங்குகள் இருக்கும்.

மின்சாரக் காரில் இந்தப் பயணம் சரிவருமா?

நாளுக்கு 180 கி.மீ. என்பதால் நன்றாகவே சரிவரும். சார்ஜ் வசதி உள்ள தங்குமிடங்களாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இறக்கங்களில் பேட்டரி கொஞ்சம் மீளும். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், அடுத்த நிலையம் பழுதாகியிருக்கக்கூடும்.

திரும்பி வந்ததும் காருக்கு என்ன செய்ய வேண்டும்?

ஓரிரு நாளில் நல்ல நீரில் கழுவுங்கள். காலையில் பிரேக் டிஸ்க்கில் தெரியும் செம்மஞ்சள் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். உண்மையான சேதம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். துணியால் துடைக்கும் முன் நீரைப் பாய்ச்சி மணலை இறக்குங்கள், நேராகத் துடைத்தால் பெயின்டில் கீறல் விழும். சக்கர வளைவுகளின் உட்புறம், கதவுகளின் கீழ் விளிம்பில் உள்ள வடிகால் துளைகள், அடிச்சட்டம் இவற்றுக்கு அழுத்தமாக நீர் அடியுங்கள். கால்மிதிகளை எடுத்து உதறி, அடியில் உள்ள விரிப்பில் ஈரம் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். இருந்தால் கதவுகளைத் திறந்து வைத்து முழுதாக உலரவிடுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, உலர்ந்த பின் வாஸ்லினை மெல்லியதாகத் தடவி விடுங்கள்.